தூணைப் படமெடுத்தால் தூணைத்தான் விலை கேட்பார்கள்

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்கு அருகே ஓர் ஊரில் இருக்கிறது. ஐயா காலத்தில் கட்டியது. இன்று ஏழு பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டது. யாரும் ஊரில் இல்லை. எல்லோரும் கலந்து பேசி, விற்றுவிடுவது என்று முடிவெடுத்து இணையத்தில் விளம்பரம் கொடுத்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. என் தம்பி மகன் செல்போனில் எடுத்த ஆறு படங்களைப் போட்டிருக்கிறோம். அழைப்பவர்கள் அனைவரும் பழைய சாமான் வியாபாரிகள். "நிலை எத்தனை, தூண் எத்தனை, தேக்கு எவ்வளவு தேறும்" என்றே கேட்கிறார்கள். வீடாக வாங்க ஒருவரும் வரவில்லை. தொழில்முறைப் புகைப்படக்காரரை வைத்து மறுபடி எடுக்கலாம் என்கிறான் தம்பி மகன். மூத்த பங்காளி ஒருவரோ, "படத்தைப் பார்த்தா வீடு வாங்குவார்கள்? விலையைக் குறைத்தால் தானாக விற்கும். தவிர, உள்வீட்டையெல்லாம் ஊர் பார்க்கப் போட்டால் கண் படும்" என்கிறார். செலவு வீண்தானா? மூன்றாங்கட்டில், அதாவது வீட்டின் மூன்றாவது பகுதியில், ஒரு பக்கக் கூரை சரிந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எடுக்கலாமா? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் இரண்டு முறை பார்த்தேன். முதல் படத்தில் நிலைவாசலின் மேல்பாதி, கஜலட்சுமி செதுக்கியிருக்கும் பகுதி மட்டும் தெரிகிறது. இரண்டாவதில் பட்டாலையின் (முன்பக்க மேடைக் கூடத்தின்) தூண் ஒன்று. மூன்றாவதில் அதே தூணின் போதிகை, அதாவது செதுக்கிய தலைப்பகுதி. நான்காவது ஒரு கதவு, ஐந்தாவது அந்தக் கதவின் பித்தளைக் குமிழ்கள். ஆறாவதில்தான் வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய பத்திகளும் கொண்ட பகுதி, வருகிறது, அதுவும் உச்சிவெயிலில் எடுத்தது என்பதால் நடுமுற்றம் வெள்ளைத் துணி விரித்தாற்போல வெளிறிப்போய், சுற்றியுள்ள பத்திகள் கருத்துக் கிடக்கின்றன. உங்கள் தம்பி மகன் அழகுணர்ச்சி உள்ளவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஆறு படங்களையும் வரிசையாகப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு உங்களிடம் ஒரு வீடு இருப்பது தெரியாது. நல்ல தேக்குச் சாமான்கள் சில இருப்பதுதான் தெரியும். தூணைக் காட்டினீர்கள், தூணை விலை கேட்டார்கள். வியாபாரிகள்மீது குற்றம் சொல்ல இதில் எதுவுமில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காரைக்குடியில் இருந்துகொண்டு பழைய வீடுகளின் விற்பனைக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். நல்ல படங்கள் வீட்டின் விலையை உயர்த்திவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். பத்திரத்தில் இருக்கும் சிக்கலையும் படம் தீர்க்காது. ஏழு பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் எவ்வளவு நேர்த்தியான படமும் பயன் தராது. படம் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: உங்களை அழைக்கப்போவது யார் என்பதை அது தீர்மானிக்கிறது. பதினான்கு மாதங்களாக உங்கள் படங்கள் பிரித்து விற்பவர்களை அழைத்து வந்திருக்கின்றன. முழு வீடாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களை அழைத்துவர வேறு படங்கள் வேண்டும். மூத்த பங்காளி சொல்வதுபோல் விலையைக் குறைத்தால், அதே வியாபாரிகள் குறைந்த விலைக்கு வருவார்களே தவிர, வேறு ஆட்கள் வரமாட்டார்கள்.

முழு வீடாக வாங்குபவர்கள் இருக்கிறார்களா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தொலைவில் இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியைச் சுற்றியுள்ள வேறு சில ஊர்களிலும் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. இப்படி ஒரு வீட்டைத் தேடுபவர் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்துகொண்டு, இரவு உணவுக்குப் பின் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். நேரில் வருவதற்கு அவருக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், பயணச் செலவும் உண்டு. அந்தச் செலவைச் செய்யலாமா என்று அவர் முடிவெடுப்பது படத்தை வைத்துத்தான். அந்த வகையில் "படத்தைப் பார்த்தா வீடு வாங்குவார்கள்?" என்ற கேள்விக்கு என் பதில், வாங்கமாட்டார்கள், ஆனால் படத்தைப் பார்க்காமல் காரைக்குடிக்கு ரயில் ஏறவும் மாட்டார்கள் என்பது.

இனி எப்படி எடுப்பது என்பதற்கு வருகிறேன். நம் வீடுகளின் தனித்தன்மை தனித்தனி வேலைப்பாடுகளில் இருப்பதைவிட, அவை அடுத்தடுத்துத் திறக்கும் முறையில் இருக்கிறது. தெருவில் நிற்பவன் முகப்பைக் கடந்து, திண்ணையும் பட்டாலையும் தாண்டி, நிலைவாசல் வழியாக வளவுக்குள் இறங்கி, வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நிழலுக்குள் போய், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கிணற்றடி என்று நடந்து அடுத்த தெருவில் வெளியே வருகிறான். நிலைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்த வீடுகளில், எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தால் முன்வாசலில் நின்றே பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் அப்படித் தெரியுமானால், உங்கள் விளம்பரத்தின் முதல் படம் அதுவாக இருக்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. இருளும் வெளிச்சமும் மாறி மாறி ஆழமாகப் போகும் அந்த ஒரே படம், இது எத்தனை கட்டு வீடு, எவ்வளவு நீளம், காற்று எப்படி வரும் என்பதையெல்லாம் ஒரு வார்த்தையும் இல்லாமல் சொல்லிவிடும். எந்தத் தூணும் கதவும் அதைச் சொல்லாது.

அந்தப் படத்தை எடுக்கும் கேமரா, வாசலின் நடுக்கோட்டில், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில், முக்காலியில், மட்டம் பார்த்து வைக்கப்பட வேண்டும். ஆள் நின்றபடி கண் உயரத்தில் பிடித்து எடுத்தால், நம் வீட்டு நிலைகள் தாழ்வாக இருப்பதால் ஒரு நிலையின் மேல்சட்டம் அடுத்த கட்டை மறைத்துவிடும். கேமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் எல்லாம் தலை சேர்ந்து உள்ளே சாய்ந்ததுபோல் விழும். வீடு சரிந்துகொண்டிருக்கிறதோ என்ற எண்ணத்தைப் பார்ப்பவருக்கு உண்டாக்கிவிட்டு, "இல்லை, அது லென்ஸ் செய்யும் வேலை" என்று பின்னால் தொலைபேசியில் விளக்குவது வீண் வேலை. செல்போன் திரையில் கட்டக்கோடுகளைக் காட்டும் வசதி இருக்கிறது. தூணின் விளிம்பு அந்தக் கோட்டோடு ஒட்டி நின்றால் மட்டம் சரி.

லென்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போதைய செல்போன்களில் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வளவு மஞ்சுவிரட்டுத் திடல் அளவுக்கு விரியும், ஓரத்துத் தூண்கள் பருத்து நீளும். எடுப்பவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நேரில் வந்து நிற்பவர் முதலில் உணர்வது "இவ்வளவுதானா" என்ற ஏமாற்றம். உண்மையிலேயே பெரிய வளவு வைத்திருக்கும் உங்களுக்கு அந்த ஏமாற்றத்தை வலிய வரவழைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 20 முதல் 24 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் போதும். அதிலும் அடங்காத இடத்தைக் கதவுக்கு வெளியே பின்வாங்கி நின்று எடுக்கலாம், அல்லது இரண்டு படங்களாக எடுக்கலாம்.

வெளிச்சம்தான் இந்த வீடுகளில் எல்லாவற்றையும்விடக் கடினமான விஷயம், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வளவின் பத்தியில் நின்று பார்க்கும்போது நம் கண், வெயில் விழும் முற்றத்தையும் நிழலில் இருக்கும் அறை வாசல்களையும் ஒருசேரப் பார்த்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு இடத்தை நோக்கும்போதும் கண் தன்னை மாற்றிக்கொள்கிறது. கேமராவால் ஒரே சொடுக்கில் அவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. முற்றத்துக்கு அளவு வைத்தால் பத்தி கருக்கும், பத்திக்கு வைத்தால் முற்றம் வெளிறும். உங்கள் ஆறாவது படத்துக்கு நேர்ந்தது அதுதான். வெயில் நேராக முற்றத்தில் இறங்காத நேரத்தில், அதாவது காலை எட்டரைக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ, எடுத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். அப்போது வானத்தின் பொதுவெளிச்சம் மட்டுமே உள்ளே இறங்கும். அது மென்மையாக எல்லாப் பக்கமும் பரவும். மெல்லிய மேகம் மூடிய நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. மீதிப் பாதிக்கு, முக்காலியை அசைக்காமல் வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்துப் பின்னர் ஒன்றாக இணைக்கும் முறை இருக்கிறது. எச்.டி.ஆர். என்று சொல்வது இதைத்தான். அளவோடு செய்தால் கண் பார்த்ததுபோலவே இருக்கும். அளவு மீறினால் சுவரெல்லாம் சாம்பல் பூசி ஒளிவிடுவதுபோல் ஆகி, சாமி காலண்டர் ஓவியத்தை நினைவூட்டும். எடுத்துத் தருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விளக்குகளை எரியவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பகலில் வேண்டாம். வானவெளிச்சம் நீலச்சாயல் கொண்டது, குண்டு விளக்கு மஞ்சள், சில குழல் விளக்குகள் பச்சைச்சாயல். மூன்றும் ஒரே படத்தில் கலந்தால், ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு ஓரிடத்தில் செங்கல் நிறமாகவும் வேறோரிடத்தில் ஊதாவாகவும் விழும். அந்தத் தரையின் நிறத்தைப் பிழையில்லாமல் காட்டுவதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். கண்ணாடித் தகட்டின்மீது வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யும் கல் அது. ஒவ்வொரு கல்லுக்கும் இருக்கும் சிறு வேறுபாட்டைப் பார்த்துத்தான், இது அச்சிட்ட ஓடு இல்லை என்று விவரமறிந்தவர் புரிந்துகொள்வார். படமெடுக்கும் நாளில் தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கினால், மேலே தெரியும் வானம் தரையில் வெள்ளையாகப் பிரதிபலித்துப் பூவேலைப்பாட்டை மறைத்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்களிலும் இதே தொல்லை உண்டு. ஆனால் அங்கே கொஞ்சம் மினுமினுப்புத் தெரிவதே அழகு, ஒரு படத்திலாவது பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வழவழப்பைக் காட்ட வேண்டும். தரைக்கு மட்டும் போலரைசர் என்ற வடிகட்டியை லென்ஸில் பொருத்தித் திருப்பினால் பிரதிபலிப்புக் குறையும்.

புகைப்படக்காரரை எப்படித் தேர்ந்தெடுப்பது? காரைக்குடியில் கல்யாணப் படம் எடுப்பவர்களில் திறமைசாலிகள் பலர் இருக்கிறார்கள். ஆனால் பெண்ணின் முகத்தைத் துலக்கிப் பின்னால் இருப்பதையெல்லாம் மங்கச் செய்வது அவர்கள் கைப்பழக்கம். வீட்டுப் படத்தில் முன்தூணும் பின்சுவரும் ஒரே தெளிவோடு இருக்க வேண்டும். அதற்கு லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி, முக்காலி வைத்து, பொறுமையாக எடுக்க வேண்டும். ஆகவே ஆளைப் பேசும்போது, இதற்கு முன் எடுத்த கட்டடப் படங்கள் ஐந்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தூண்கள் நேராக நிற்கின்றனவா, சன்னலுக்கு வெளியே ஏதாவது தெரிகிறதா என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும். ஒரு முழு நாள் வேலைக்குப் பேசுங்கள், காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் இரண்டும் வேண்டும். நம் ஊர் வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால், முகப்பு கிழக்கு நோக்கியிருந்தால் காலையில் முகப்பையும் மாலையில் பின்வாசலையும் எடுக்க வேண்டியிருக்கும்.

மேலிருந்து ஒரு படம் வேண்டும் என்று உங்கள் தம்பி மகன் ட்ரோனைச் சொல்லக்கூடும். நானும் ஆதரிக்கிறேன், காரணம் வேறு. வாங்குபவர் மிகவும் அஞ்சுவது ஓட்டுக்கூரையை; அதன் நிலைமையைத் தரையிலிருந்து காட்ட முடியாது. ஆனால் ட்ரோன் பறக்கவிடுவதற்கு 2021-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன, அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்பதை அரசின் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே பறக்கவிட வேண்டும். விதிக்கு அப்பால் இன்னொன்று: மேலே எழும்பிய கேமரா உங்கள் வளவை மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டு வளவையும் பார்க்கும். அங்கே ஆச்சி ஒருவர் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருக்கலாம். முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் முறை.

சரிந்த மூன்றாங்கட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை எடுக்கத்தான் வேண்டும், அதுவும் தெளிவாக எடுக்க வேண்டும். சட்டத்தையே முதலில் சொல்கிறேன். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவில், வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைபாடு ஏதேனும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. சரிந்த கூரை நேரில் வந்தால் எவருக்கும் தெரியும், ஆகவே அது அந்த வகையில் வராது என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கூரை வழியாக இத்தனை மழைக்காலங்களில் இறங்கிய தண்ணீர் பக்கத்துச் சுவருக்குள் என்ன செய்திருக்கிறது, விட்டத்தில் கரையான் ஏறியிருக்கிறதா என்பவை வெளியே தெரியாதவை, உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவை. சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் வீடு ஒன்றுக்கு எடுத்த படங்களில், வளவுச் சுவரில் இருந்த நீர்க்கறையைக் கணினியில் அழித்துவிட்டார்கள். அப்போது நான் தடுக்கவில்லை, அது என் தவறு. சென்னையிலிருந்து கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தவர் அந்தச் சுவரைப் பார்த்தார், தன் செல்போனில் இருந்த படத்தைப் பார்த்தார், இரண்டாங்கட்டுக்குள் கால் வைக்காமலே திரும்பிவிட்டார். கறையைச் சரிசெய்ய ஆகும் செலவு பெரிய தொகையே அல்ல. ஆனால் ஓரிடத்தில் அழித்தவர்கள் வேறெங்கே அழித்திருப்பார்களோ என்ற கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

மாறாக, சரிந்த கூரையை நேராகப் படமெடுத்து, "மூன்றாங்கட்டின் வடபுறக் கூரை சரிந்துள்ளது, சுவர்கள் நிற்கின்றன" என்று கீழே எழுதிவிட்டால், வருபவர் அதற்கான கணக்கைப் போட்டுக்கொண்டே வருவார். அறிந்தே வருபவரிடம் பேரம் பேசுவது எளிது. விடுதி நடத்த நினைப்பவர்களுக்குச் சரிந்த பகுதி ஒரு வசதியாகக்கூடத் தோன்றலாம், குளியலறைகளை அங்கே அமைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு.

படத்தைத் திருத்துவதில் எது வரை போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாய்வை நிமிர்த்தலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் கண் கண்ட அளவுக்குச் சரிசெய்யலாம். மின்கம்பத்தை அழிப்பது, வெள்ளை வானத்தை நீலமாக்குவது, விரிசலை மூடுவது, இல்லாத ஊஞ்சலையும் நாற்காலியையும் கணினியில் வரைந்து வைப்பது ஆகிய எதுவும் வேண்டாம். தெருவில் வந்து நின்றதும் மின்கம்பம் அங்கேயேதான் இருக்கும்.

கண் படும் என்ற மூத்த பங்காளியின் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அதற்குள் ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது: ஆளில்லாத வீடு, உள்ளே என்ன இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரியவந்தால் என்ன ஆகும்? ஆகவே சாமி வீட்டுக்குள் (பூசையறைக்குள்) கேமரா போகக் கூடாது. பெட்டகங்கள், பித்தளை அண்டாக்கள், தஞ்சாவூர்ப் படங்கள், முன்னோர்களின் நிழற்படங்கள் ஆகியவற்றை எடுப்பதற்கு முன்பே அகற்றி, பங்காளிகளுக்குள் பிரித்துக்கொள்வதோ பத்திரப்படுத்துவதோ செய்துவிடுங்கள்; விற்பனையில் சேராத பொருள் படத்தில் இருந்தால் பிற்பாடு அதற்கும் வழக்கு வரும். பூட்டும் சாவித்துளையும் நெருக்கமாகத் தெரியும் படங்களைப் போட வேண்டாம். செல்போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பு பதிந்துவிடுவதுண்டு. அந்த வசதியை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். விளம்பரத்தில் ஊர்ப்பெயர் போதும், தெருவை அழைத்துப் பேசியவருக்குச் சொன்னால் போதும்.

எத்தனை படங்கள் என்று கேட்டால், உங்கள் வீட்டுக்கு இருபத்தைந்து போதும் என்பேன். நடந்துபோகும் வரிசையிலேயே அவை அமைய வேண்டும்: தெரு, முகப்பு, பட்டாலை, வளவின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று, ஓர் உள்ளறை, இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல், பின்தெரு. இவற்றுக்குப் பிறகுதான் போதிகையும் குமிழும். இவற்றோடு, கையால் வரைந்ததாக இருந்தாலும் சரி, அடிக்கணக்கோடு ஒரு தளவரைபடம் சேர்த்து, எந்தப் படம் எங்கே நின்று எடுத்தது என்று எண் குறித்துவிடுங்கள். என் அனுபவத்தில் வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்கள் முதலில் பேசுவது இந்த வரைபடத்தைப் பற்றித்தான்.

நாளைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, சுவர்கள் காய்ந்தபின் தை மாதத்தில் எடுப்பது நல்லது. பொங்கலை ஒட்டியும், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும் பங்காளிகள் ஊருக்கு வருவதுண்டு. படமெடுப்பதற்கும் விளம்பரத்துக்கும் எழுவரும் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கவும், வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் யாரிடம் இருக்கின்றன என்று பேசித் தீர்க்கவும் அதைவிட வசதியான நேரம் கிடைக்காது. படமெடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே எல்லா அறைகளையும் திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள். பூட்டிக் கிடந்த அறைகளில் வௌவால் இருக்கும். புகைப்படக்காரர் கதவைத் திறக்கும்போதுதான் அது தெரியவந்தால் அரை நாள் போய்விடும்.

புதிய படங்கள் வந்ததும் பழைய விளம்பரத்தைத் திருத்தாமல், முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தரகர்கள் சிலர் அந்த ஆறு படங்களை எடுத்துத் தங்கள் பக்கங்களிலும் போட்டிருப்பார்கள். ஒவ்வொருவரையும் அழைத்து அவற்றை எடுத்துவிடச் சொல்ல வேண்டும், இல்லையேல் தேக்கு எவ்வளவு தேறும் என்ற அழைப்புகள் நிற்கமாட்டா. புதிய விளம்பரத்தில் படமெடுத்த மாதத்தையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் விற்காமல்போனால், மூன்றாங்கட்டை மட்டும் மறுபடி எடுத்து அந்தப் படத்தை மாற்றிவிடுங்கள்.